ஒரு அவை கூடுகிறது, இன்னொன்று இல்லை: இஸ்ரேல்–பாலஸ்தீனப் பேச்சில் நாடாளுமன்றங்களின் கணக்கு

1993 ஜனவரி 19ஆம் தேதி இஸ்ரேல் நாடாளுமன்றமான கெனெசெட் ஒரு சட்டத்தை நீக்கியது. பாலஸ்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ.வின் ஆட்களை இஸ்ரேலியர் சந்தித்தால் குற்றம், சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று 1986இல் போட்ட சட்டம் அது. மறுநாளே, ஜனவரி 20 அன்று, நார்வேயின் சார்ப்ஸ்போர்க் நகரில் யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், ரான் புண்டாக் என்ற இரண்டு இஸ்ரேலியக் கல்வியாளர்கள், பி.எல்.ஓ.வின் பொருளாதாரப் பிரிவை நடத்திவந்த அகமது குரேயுடன் பேச உட்கார்ந்தார்கள். பிற்பாடு இஸ்ரேலுக்கும் பி.எல்.ஓ.வுக்கும் இடையிலான ஓஸ்லோ ஒப்பந்தம் என்று பெயர் பெற்ற பேச்சின் முதல் அமர்வு அதுதான்.

ஓஸ்லோ என்றதும் நார்வேக்காரர்களின் விருந்தோம்பலும், வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் பி.எல்.ஓ. தலைவர் அராபத்தும் கை குலுக்கிய படமும்தான் நினைவுக்கு வரும். முந்தைய நாள் கெனெசெட்டில் நடந்த வாக்கெடுப்பை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஹிர்ஷ்ஃபெல்டும் குரேயும் 1992 டிசம்பரிலேயே லண்டனில் ஒருமுறை சந்தித்திருந்தார்கள். அப்போது அந்தச் சட்டம் அமலில்தான் இருந்தது. அமைதி ஆர்வலர் ஏபி நாத்தன் அராபத்தைச் சந்தித்ததற்காக இருமுறை சிறைக்குப் போய்வந்தவர். ஒரு நாட்டின் எம்.பி.க்கள் வெளிநாட்டு மாநாடுகளில் போய் என்ன பேசினார்கள் என்பதைவிட, தங்கள் சொந்த அவையில் எதற்குக் கை தூக்கினார்கள் என்பதுதான் இந்தக் கதையில் ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

'நாடாளுமன்ற ராஜதந்திரம்' என்று பொதுவாகச் சொல்வது வேறொன்றை. இரு தரப்பு எம்.பி.க்களும் ஸ்ட்ராஸ்பர்கிலோ ஜெனீவாவிலோ ஒரே மேசையில் அமர்வது, கூட்டறிக்கை விடுவது, படம் எடுத்துக்கொள்வது. அதற்கும் ஒரு பயன் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அதை மட்டுமே பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அவைக்குள் வந்த எதிரி

1977 நவம்பர் 9 அன்று எகிப்து அதிபர் அன்வர் சதாத் கெய்ரோவில் தன் நாட்டு நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்தார். அமைதிக்காக உலகின் எந்த மூலைக்கும் போவேன், அவர்களுடைய கெனெசெட்டுக்கே போகவும் தயார் என்றார். அவையில் விருந்தினராக அமர்ந்திருந்தவர்களில் யாசர் அராபத்தும் ஒருவர். மேடைப் பேச்சுக்குச் சொல்கிற அலங்காரம் என்றுதான் பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இஸ்ரேல் பிரதமர் மெனாகெம் பெகின் அழைப்பு அனுப்பிவிட்டார். பதினோரே நாளில், நவம்பர் 20 அன்று, சதாத் கெனெசெட் மேடையில் நின்று அரபு மொழியில் பேசினார்.

அரசாங்கங்கள் ரகசியமாகப் பேசிக்கொள்ள ஆயிரம் வழி இருக்கும்போது நாடாளுமன்றத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்? எதிரி நாட்டின் பிரதமரோடு மட்டும் அவர் பேச நினைக்கவில்லை. அந்த நாட்டு மக்களோடு, முக்கியமாக அங்குள்ள எதிர்க்கட்சியோடும் நேராகப் பேச நினைத்தார். பாலஸ்தீனர் பிரச்சினை தீராமல் அமைதி இல்லை என்பதையும், 1967இல் பிடித்த நிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பதையும் அந்த அவையிலேயே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று சபாநாயகராக இருந்து அவரை வரவேற்றவர் இட்சாக் ஷமீர். அடுத்த ஆண்டு எகிப்துடனான கேம்ப் டேவிட் ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவு 84, எதிர்ப்பு 19, நடுநிலை 17. நடுநிலை வகித்தவர்களில் ஷமீரும் உண்டு. பெகினின் சொந்தக் கட்சிக்காரர்களே பலர் கைவிட்ட நிலையில், ஒப்பந்தத்தைக் கரை சேர்த்தது எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் வாக்குகள். சதாத் நேராகப் பேச நினைத்த அதே பெஞ்சுகளிலிருந்துதான் அவை வந்தன.

பாலஸ்தீனத் தரப்புக்கு அந்த மேடை ஒருநாளும் கிடைக்கவில்லை. 2013 நவம்பரில் பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்த் கெனெசெட்டில் பேசவந்த நாளில், பாலஸ்தீன அதிபர் மகமூத் அப்பாஸும் இங்கே வந்து பேசட்டும் என்று இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அழைத்தார். அது நடக்கவில்லை. அழைத்தவரும் அது நடக்கும் என்று நம்பி அழைத்ததாகத் தோன்றவில்லை.

சந்தித்தால் சிறை

1970களிலும் 80களிலும் இரு தரப்பும் சந்தித்ததெல்லாம் திருட்டுத்தனமாகத்தான். ஓய்வுபெற்ற இஸ்ரேல் ராணுவ ஜெனரலும் பின்னாளில் எம்.பி.யுமான மத்தியாகு பெலெட், முன்னாள் எம்.பி. யூரி அவ்னேரி போன்றவர்கள் பாரிஸில் பி.எல்.ஓ.வின் இஸ்ஸாம் சர்தாவியைச் சந்தித்தார்கள். அவ்னேரி 1982 ஜூலையில் இஸ்ரேல் ராணுவம் முற்றுகையிட்டிருந்த பெய்ரூட்டுக்குள் போய் அராபத்தையே பார்த்துவிட்டு வந்தார். இந்தத் தொடர்புகளுக்கான விலையைப் பாலஸ்தீனத் தரப்பு உயிராகக் கொடுத்தது. பி.எல்.ஓ.வின் லண்டன் பிரதிநிதி சயீத் ஹம்மாமி 1978 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். சர்தாவி 1983 ஏப்ரல் 10 அன்று போர்ச்சுகலின் அல்புஃபெய்ராவில், சோஷலிஸ்ட் அகிலத்தின் மாநாடு நடந்துகொண்டிருந்த இடத்திலேயே கொல்லப்பட்டார். இரண்டு கொலைக்கும் பின்னால் இருந்தது பாலஸ்தீனத் தீவிரவாத அமைப்பான அபு நிதால் குழு. இஸ்ரேலியரோடு பேசுகிறவர்கள் துரோகிகள் என்பது அவர்கள் கணக்கு.

இஸ்ரேல் பக்கம் துப்பாக்கிக்குப் பதில் சட்டம் வந்தது. 1986 ஆகஸ்டில் கெனெசெட் ஒரு பேரம் பேசி இரண்டு சட்டங்களை ஒன்றாக நிறைவேற்றியது. ஒன்று இனவெறித் தூண்டுதலைக் குற்றமாக்கியது. அரபு வெறுப்பை வெளிப்படையாகப் பேசிய மெயிர் கஹானேயை மனதில் வைத்து இடதுசாரிகள் கேட்டது அது. அதற்கு ஈடாக வலதுசாரிகள் வாங்கிக்கொண்டதுதான் பி.எல்.ஓ. சந்திப்புத் தடை. அந்தத் தடையில் ஒரு சந்து இருந்தது. வெளிநாட்டில் நடக்கும் கல்வி மாநாடு, பத்திரிகையாளர் சந்திப்பு போன்றவற்றில் நல்லெண்ணத்துடன் கலந்துகொண்டால் குற்றமில்லை. விளைவு, அடுத்த சில ஆண்டுகள் இஸ்ரேலிய எம்.பி.க்களும் பாலஸ்தீனர்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் யாராவது ஒரு பல்கலைக்கழகம் 'கருத்தரங்கு' ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. காபி இடைவேளைதான் கருத்தரங்கின் உண்மையான நிகழ்ச்சி. சட்டத்தைச் சோதித்துப் பார்க்கவென்றே 1986 நவம்பரில் ருமேனியா போய் பி.எல்.ஓ. தூதுக்குழுவைச் சந்தித்த இஸ்ரேலியர்களில் நான்கு பேர் மீது வழக்கும் பாய்ந்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் 1993 ஜனவரி 19 வாக்கெடுப்பின் கனம் புரியும். தொழிற்கட்சியின் யோசி பெய்லின் போன்றவர்கள் தடையை நீக்க நீண்டகாலம் மல்லுக்கட்டியிருந்தார்கள். 1992 தேர்தலுக்குப் பிறகு அதற்கான எண்ணிக்கை கிடைத்தது. பெய்லின் அப்போது வெளியுறவுத் துணை அமைச்சர். சார்ப்ஸ்போர்க் பேச்சுக்கு அவர்தான் மறைமுகக் காவலர்.

61 என்ற எண்

கெனெசெட்டில் மொத்தம் 120 இடங்கள், பெரும்பான்மை 61. ராபின் 1992இல் தொழிற்கட்சியின் 44, இடதுசாரி மெரெட்ஸின் 12, மதவாத ஷாஸின் 6 என 62 பேரோடு ஆட்சி அமைத்தார். ஓஸ்லோ கையெழுத்தான 1993 செப்டம்பரிலேயே ஷாஸ் கூட்டணியை விட்டுப் போனது. மிச்சம் 56. அரசு கவிழாமல் இருந்தது யூத–அரபு இடதுசாரிகளின் ஹதாஷ், அரபு ஜனநாயகக் கட்சி ஆகிய இரண்டின் 5 எம்.பி.க்கள் வெளியிலிருந்து தாங்கியதால்.

செப்டம்பர் 23 அன்று ஓஸ்லோ ஒப்பந்தம் 61க்கு 50 என்று நிறைவேறியது. எட்டு பேர் நடுநிலை. அந்த எட்டில் எதிர்க்கட்சியான லிகுட்டைச் சேர்ந்த மூன்று பேரும் உண்டு, அவர்களில் ஒருவர் மெயிர் ஷீத்ரித். வாக்கு 61ஆக இருந்தாலும் எதிரணியிலும் சஞ்சலம் இருந்தது என்பதற்கு இது அடையாளம். இரண்டு ஆண்டுகளில் அந்தச் சஞ்சலம் காணாமல் போய்விட்டது. பேருந்துக் குண்டுவெடிப்புகளும், ஹெப்ரானில் தொழுகையில் இருந்த முஸ்லிம்களை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றதும் இரு சமூகங்களையும் இறுக்கிவிட்டன.

மேற்குக் கரையை ஏ, பி, சி என மூன்று நிர்வாக மண்டலங்களாகப் பிரிக்கும் இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம் 1995 அக்டோபர் 5 அன்று அவைக்கு வந்தது. விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. தொழிற்கட்சியிலேயே அவிக்டோர் கஹலானி, இமானுவேல் சிஸ்மான் இருவரும் எதிர்த்து வாக்களித்தார்கள். அந்த இரண்டை ஈடுகட்டியவர்கள் வலதுசாரி சோமெட் கட்சியிலிருந்து உடைத்துக்கொண்டு வந்த கோனென் செகேவ், அலெக்ஸ் கோல்ட்ஃபார்ப் என்ற இருவர். செகேவுக்கு அமைச்சர் பதவி. கோல்ட்ஃபார்புக்குத் துணை அமைச்சர் பதவியும், அதோடு வந்த மிட்சுபிஷி அரசு காரும். ஆள் இழுப்பு அரசியலைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் இஸ்ரேலில் அந்தக் கார் ஒரு வசைச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. தாய்நாட்டின் நிலம் ஒரு மிட்சுபிஷிக்காக விற்கப்பட்டது என்று வலதுசாரிகள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். முடிவு 61க்கு 59.

அதே அக்டோபர் 5 இரவு ஜெருசலேமின் சீயோன் சதுக்கத்தில் எதிர்ப்புப் பேரணி. ராபினுக்கு நாஜி எஸ்.எஸ். சீருடை மாட்டிய படம் கூட்டத்தில் வலம்வந்தது. மேல்மாடத்தில் நின்று பேசியவர்களில் எதிர்க்கட்சித் தலைவர் நெதன்யாகுவும் இருந்தார். அவர்கள் வைத்த வாதத்தில் முக்கியமானது இது: இந்த 61இல் ஐந்து பேர் அரபு கட்சிகளின் ஆட்கள், ஆகவே யூதப் பெரும்பான்மை இதற்கு இல்லை, ஆகவே இது செல்லாது. நவம்பர் 4 அன்று ராபின் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அந்த வாதம் அவரோடு சாகவில்லை. பாலஸ்தீனத் தரப்பையும் இஸ்ரேல் அரசியலையும் ஒருசேரப் புரிந்தவர்கள், அரபு மொழியையும் ஹீப்ரூவையும் சமமாகப் பேசுகிறவர்கள் கெனெசெட்டின் அரபு எம்.பி.க்கள்தான். அகமது திபி 1999இல் எம்.பி. ஆவதற்கு முன் அராபத்தின் ஆலோசகராகவே இருந்தவர். இயல்பாகப் பாலமாக இருக்க வேண்டியவர்களை அவையே சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 2025 ஜூலையில் அரபு எம்.பி. அய்மன் ஓதேவைப் பதவி நீக்கும் தீர்மானத்துக்கு 73 வாக்குகள் விழுந்தன. தேவைப்பட்டது 90 என்பதால் தப்பித்தார். அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று டிரம்ப் கெனெசெட்டில் பேசியபோது 'பாலஸ்தீனத்தை அங்கீகரி' என்ற தாளைத் தூக்கிக் காட்டிய அவரையும் ஹதாஷ் எம்.பி. ஓஃபெர் காசிஃபையும் காவலர்கள் வெளியே கொண்டுபோனார்கள்.

பெட்டியின் விளிம்பில் ஒரு துளை

பாலஸ்தீனர்களுக்கென்று மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு சட்டமன்றம் முதன்முதலாக 1996 ஜனவரி 20 தேர்தலில் பிறந்தது. 88 உறுப்பினர்கள். சபாநாயகராக வந்தவர், சார்ப்ஸ்போர்கில் பேச உட்கார்ந்த அதே அகமது குரேய்.

அந்தத் தேர்தலில் கிழக்கு ஜெருசலேம் பாலஸ்தீனர்கள் வாக்களிக்கலாமா என்பதில் பெரிய இழுபறி. வாக்களித்தால் அந்த நகரத்தின் மீது பாலஸ்தீனர்களுக்கு உரிமை உண்டு என்று ஆகிவிடுமே என்பது இஸ்ரேலின் கவலை. முடிவில் அஞ்சலகங்களில் வாக்களிக்கலாம் என்று ஏற்பாடானது. அதாவது அவர்கள் வாக்களிக்கவில்லை, தபால் போடுகிறார்கள். அப்படியானால் பெட்டியின் துளை எங்கே இருக்க வேண்டும்? வாக்குப் பெட்டி என்றால் மேலே, தபால் பெட்டி என்றால் பக்கவாட்டில். கடைசியில் மேற்புறமும் பக்கமும் சேரும் விளிம்பில் துளை போட்டார்கள். இரு தரப்பும் அவரவருக்கு வேண்டியபடி பார்த்துக்கொள்ளலாம். ஓஸ்லோ காலத்து ஒப்பந்தங்கள் எப்படி எழுதப்பட்டன என்பதை ஐநூறு பக்கம் படித்துத் தெரிந்துகொள்வதும் ஒன்றுதான், அந்தப் பெட்டியைப் பார்ப்பதும் ஒன்றுதான்.

கட்டடமும் அப்படியே. ஜெருசலேமை ஒட்டியுள்ள அபு திஸ் கிராமத்தில் பாலஸ்தீன நாடாளுமன்றத்துக்கென ஒரு பெரிய கட்டடம் 1990களின் பிற்பாதியில் எழுந்தது. பெய்லினும் மகமூத் அப்பாஸும் 1995 அக்டோபர் இறுதியில், ராபின் கொல்லப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு முடித்த ரகசிய வரைவில், பாலஸ்தீனத் தலைநகர் அந்தப் பக்கமாக அமையலாம் என்ற யோசனை இருந்தது. 2000 மே 15 அன்று அபு திஸைப் பாலஸ்தீனக் கட்டுப்பாட்டுக்கு மாற்ற கெனெசெட் ஒப்புதலும் கொடுத்தது. அன்றே மேற்குக் கரையில் வெடித்த மோதலில் பிரதமர் பராக் அதை நிறுத்திவைத்தார். பிறகு இஸ்ரேல் கட்டிய பிரிவினைச் சுவர் அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே எழுந்தது. அங்கே ஒருநாள்கூட அவை கூடியதில்லை.

இரு அவைகளும் ஒன்றையொன்று சமமாக மதித்த காலம் மிகக் குறுகியது. 2000 செப்டம்பர் 5 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் கெனெசெட் சபாநாயகர் அவ்ரகாம் பர்க், அகமது குரேய் இருவரையும் ஸ்ட்ராஸ்பர்கில் ஒரே அமர்வில் பேசவைத்தது. கேம்ப் டேவிடில் கிளின்டன் நடத்திய உச்சிப் பேச்சு தோற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அரசாங்கங்கள் முகம் திருப்பிக்கொண்டிருந்தபோது சபாநாயகர்கள் சேர்ந்து நின்றார்கள். மூன்று வாரம் கழித்து லிகுட் தலைவர் ஷரோன் ஜெருசலேமின் அல்-அக்ஸா மசூதி வளாகத்துக்குள் நடந்தார், பாலஸ்தீனர்களின் இரண்டாம் எழுச்சியான இன்திஃபாதா தொடங்கியது. 2002 ஜனவரியில் குரேய், ரமல்லாவுக்கு வந்து எங்கள் அவையில் பேசுங்கள் என்று பர்கை அழைத்தார். பர்க் சரி என்றார். பிரதமர் ஷரோன் கொதித்தார். சபாநாயகர் தனியாக வெளியுறவுக் கொள்கை நடத்துவதா என்று கட்சிகள் எகிறின. பயணம் நடக்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு முன் கெய்ரோவிலிருந்து ஜெருசலேம் வர முடிந்தது, ஜெருசலேமிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரமல்லாவுக்குப் போக முடியவில்லை.

ஆளில்லாத அவை

2006 ஜனவரி 25இல் நடந்த இரண்டாவது தேர்தல்தான் கடைசித் தேர்தலும். 132 இடங்களில் ஹமாஸுக்கு 74, அப்பாஸின் கட்சியான ஃபத்தாவுக்கு 45. வன்முறையைக் கைவிடு, இஸ்ரேலை அங்கீகரி, பழைய ஒப்பந்தங்களை ஏற்றுக்கொள் என்று அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா, ஐ.நா. நால்வரும் நிபந்தனை வைத்தார்கள். ஹமாஸ் ஏற்கவில்லை. ஜூன் மாதம் இஸ்ரேல் சிப்பாய் கிலாத் ஷலித்தை காசாவுக்குள் பிடித்துப்போனதும், இஸ்ரேல் ராணுவம் மேற்குக் கரையில் ஹமாஸ் உறுப்பினர்களைக் கூண்டோடு கைது செய்தது. ஆகஸ்டில் சபாநாயகர் அஜீஸ் துவைக்கும் உள்ளே போனார். கோரம் இல்லாமல் அவை கூட முடியவில்லை. 2007 ஜூனில் காசா ஹமாஸ் வசமானது. அதற்குப் பிறகு அப்பாஸ் பாலஸ்தீன அடிப்படைச் சட்டத்தின் 43ஆம் பிரிவைக் காட்டி அவசர ஆணைகளால் ஆள்கிறார். 2018 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்போடு சட்டமன்றம் முறைப்படியே கலைக்கப்பட்டது. 2021 மே 22இல் தேர்தல் என்று அறிவித்து, கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் விடவில்லை என்று சொல்லி ஏப்ரல் கடைசியில் தள்ளிவைத்தார்கள். ஃபத்தா மூன்றாகப் பிளந்து தோற்கும் என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறவர்கள் பாலஸ்தீனர்களிடையே நிறைய. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இதில் மார்வான் பர்கூத்தியின் கதை தனி. 1996இல் தேர்வான இளம் உறுப்பினர். இளம் வயதில் இஸ்ரேல் சிறையில் ஹீப்ரூ கற்றவர். 90களில் கெனெசெட் உறுப்பினர்களோடு நடந்த உரையாடல்களில் லிகுட்காரர்களோடும் சகஜமாகப் பேசியவர். 2002 ஏப்ரலில் கைதாகி, கொலைக் குற்றங்களுக்காக ஐந்து ஆயுள் தண்டனை பெற்றார். சிறையிலிருந்தே 2006இல் மறுபடி வென்றார். உலக நாடாளுமன்றங்களின் ஒன்றியமான ஐ.பி.யு. அவருடைய வழக்கு விசாரணையை ஆராய ஒரு சட்ட நிபுணரை அனுப்பியது. விசாரணை நியாயமான முறையில் நடக்கவில்லை என்று அந்த அறிக்கை சொன்னது. எம்.பி.யின் உரிமை என்ற பிடி இல்லாவிட்டால் இந்த வழக்கு அங்கே போயிருக்காது.

வெளிநாட்டு அவைகளின் சிக்கலும் இங்கேதான். ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவையில் கெனெசெட் 1957 முதல் பார்வையாளர். 2011 அக்டோபரில் பாலஸ்தீனத் தரப்புக்கு 'ஜனநாயகத்துக்கான கூட்டாளி' என்ற தகுதி கிடைத்தது. ஆனால் அது கிடைத்தது பாலஸ்தீன தேசியப் பேரவைக்கு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்கு அல்ல. தேசியப் பேரவை என்பது பி.எல்.ஓ.வின் உயர்மட்டச் சபை. பெரும்பாலும் நியமனம். அதன் வாக்கு எப்படிப்பட்டது என்பதற்குப் பழைய உதாரணம் உண்டு: இஸ்ரேலை மறுக்கும் சாசனப் பிரிவுகளை நீக்க 1996 ஏப்ரலில் 504க்கு 54 என்று காசாவில் வாக்களித்தார்கள். நெதன்யாகு அது போதாது என்றார். 1998 டிசம்பரில் கிளின்டன் முன்னிலையில் மறுபடி கை தூக்கினார்கள். அப்போதும் அதற்கு மதிப்பு இருந்தது, காரணம் தூக்கியவர்களுக்குத் தெருவில் செல்வாக்கு இருந்தது. இன்று அதே சபையிலிருந்து வரும் தூதுக்குழுவுக்கு எதிரே கெனெசெட் எம்.பி. அமரும்போது, ஒருவர் அடுத்த தேர்தலில் தோற்கலாம் என்ற பயத்தோடு பேசுகிறார், மற்றவருக்கு அடுத்த தேர்தல் என்ற ஒன்றே இல்லை.

போதாக்குறைக்கு, பேசவருவதற்கே ஒரு தரப்பு மற்றதன் ராணுவத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 2013 ஜூலை 31 அன்று தொழிற்கட்சி எம்.பி. ஹிலிக் பாரின் குழு ஒரு பாலஸ்தீனத் தூதுக்குழுவை கெனெசெட்டுக்குள் அழைத்தது. இஸ்ரேல் கொடியோடு பாலஸ்தீனக் கொடியும் முதன்முறையாக அங்கே வைக்கப்பட்டது. தூதுக்குழுவின் தலைவர் ஃபத்தாவின் முகமது அல்-மதனி. இஸ்ரேலியச் சமூகத்தோடு பேசவென்றே அப்பாஸ் அமைத்த குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. 2016 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் லிபர்மன் அவருடைய நுழைவு அனுமதியைப் பறித்தார். இஸ்ரேலியரிடம் பேசுவதையே வேலையாகக் கொண்டவர் இஸ்ரேலுக்குள் வர முடியாமல் போனார்.

இதெல்லாம் வீண் என்று சொல்லவரவில்லை. பேச்சு நின்றுபோன காலங்களில் ஒருவருக்கொருவர் செல்பேசி எண் தெரிந்த நூறு பேராவது இரு தரப்பிலும் இருப்பதற்கு இந்தக் கூட்டங்கள்தான் காரணம். 2003 டிசம்பரில் ஜெனீவா முன்வரைவை வெளியிட்ட பெய்லினும் பாலஸ்தீன முன்னாள் அமைச்சர் யாசர் அபெத் ரப்போவும் அந்த வகை அறிமுகத்தின் விளைச்சல். எல்லை, ஜெருசலேம், அகதிகள் என எல்லாவற்றுக்கும் விடை எழுதிய வரைவு அது. ஆனால் அதை எழுதும்போது பெய்லின் எம்.பி.யாகக்கூட இல்லை, தேர்தலில் தோற்றிருந்தார்.

மூன்றாம் நாட்டு அவைகளின் வாக்குகள் எதிர்பாராத வகையில் அதிகம் செய்திருக்கின்றன. 2014 அக்டோபர் 13 அன்று பிரிட்டிஷ் மக்களவை பாலஸ்தீனத்தை அங்கீகரிக்கச் சொல்லி 274க்கு 12 என்று தீர்மானம் போட்டது. அமைச்சர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். டிசம்பரில் பிரெஞ்சு அவை 339க்கு 151 என்று அதையே செய்தது. எதுவும் அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் அன்று பலர் இவற்றைக் கண்டுகொள்ளவில்லை. 2025 செப்டம்பரில் அடுத்தடுத்த நாளில் பிரிட்டனும் பிரான்ஸும் அங்கீகரித்தன. பதினோரு ஆண்டு தாமதம், இடையில் காசா போர். ஆனாலும் கட்சிகளுக்குள் இருந்த தயக்கம் உடைந்த இடம் அந்த வாக்கெடுப்புகள்தான்.

80 வாக்குகளும் ஒரு கேள்வியும்

கெனெசெட் இதற்கு நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது. 2014 மார்ச்சில் நிறைவேறிய இஸ்ரேலிய அடிப்படைச் சட்டத்தின்படி, இஸ்ரேல் தன் சட்டத்தை நடைமுறைப்படுத்தியுள்ள நிலத்தை விட்டுக்கொடுக்க 80 எம்.பி.க்களின் ஒப்புதல் வேண்டும், இல்லையென்றால் பொது வாக்கெடுப்பு. மேற்குக் கரைக்கு இது பொருந்தாது. கிழக்கு ஜெருசலேமுக்கும் நிலப் பரிமாற்றத்துக்கும் பொருந்தும், அவை இரண்டும் இல்லாத ஒப்பந்தம் எது? 2024 ஜூலை 18 அன்று பாலஸ்தீன நாடு கூடாது என்று 68க்கு 9 எனத் தீர்மானம். ஓராண்டு கழித்து மேற்குக் கரையை இணைப்பதற்கு ஆதரவாக 71க்கு 13. முந்தைய தீர்மானத்துக்கு எதிர்க்கட்சியான காண்ட்ஸின் கட்சியும் கை தூக்கியது. ராபினுக்கு 61 கிடைப்பதே பாடாக இருந்த அவையில், இனி வருகிறவருக்கு 80 வேண்டும்.

மறுபக்கம் ஒரு ஒப்பந்தம் வந்தால் அதை எந்த அவை அங்கீகரிக்கும் என்பதற்கே பதில் இல்லை. காசாவில் இருந்த சட்டமன்றக் கட்டடத்தை 2023 நவம்பரில் இஸ்ரேல் ராணுவம் பிடித்து வெடிவைத்துத் தகர்த்தது. 2004இல் அராபத் இறந்தபோது பாலஸ்தீன அடிப்படைச் சட்டப்படி சபாநாயகர் ரவ்ஹி ஃபத்தூஹ் இடைக்கால அதிபரானார், அறுபது நாளில் தேர்தல் நடந்தது. இப்போது சபாநாயகர் என்று ஒருவர் கிடையாது. அதனால் 2024 நவம்பரில் அப்பாஸ் ஓர் ஆணை போட்டார்: பதவி காலியானால் தேசியப் பேரவைத் தலைவர் பொறுப்பேற்பார். அந்தப் பதவியில் அப்போது இருந்தவரும் அதே ஃபத்தூஹ்தான். 2025 அக்டோபரில் அதையும் மாற்றி, துணை அதிபர் ஹுசைன் அல்-ஷேக் பொறுப்பேற்பார் என்று இன்னோர் ஆணை. தொண்ணூறை எட்டிவிட்ட அப்பாஸுக்குப் பிறகு யார் என்பதை ஓர் ஆண்டுக்குள் இருமுறை மாற்றி எழுத முடிந்ததற்குக் காரணம், கேள்வி கேட்க ஒரு சட்டமன்றம் இல்லை என்பதுதான். ஹுசைன் அல்-ஷேக் இன்றுவரை எந்தப் பொதுத் தேர்தலிலும் வென்று அவைக்கு வந்தவரல்ல.